நானியின் காரா, நம் காரா? குழந்தையை ஏற்றி அனுப்பும் முன் போட வேண்டிய கணக்கு

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சான் ரமோன், சன்னிவேல் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு வராத வீடு குறைவு. அப்பா, அம்மா இருவருக்கும் வேலை. ஊரிலிருந்து வந்த பாட்டி ஆறு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தேடிப் பிடித்து, சம்பளத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நல்ல நானியும் அமைந்துவிட்டார். கைக்குழந்தையாக இருந்த வரைக்கும் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. இரண்டரை வயதில் பிரீஸ்கூல் தொடங்கியதும் சிக்கல் வருகிறது. காலையில் அப்பா விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுவார். பன்னிரண்டரை மணிக்கு யார் போய்க் கூட்டி வருவது?

“அதுக்கென்ன, என்கிட்டதான் கார் இருக்கே, நானே போய் கூட்டிட்டு வந்துடறேன்” என்பார் நானி அக்கா. நமக்கும் அப்பாடா என்றிருக்கும். உடனே தலையாட்டிவிடாமல் ஒரு வாரம் யோசிக்கலாம். யோசிக்க விஷயம் இருக்கிறது.

வழிகள் மூன்றுதான். நானி தன் காரிலேயே ஏற்றிப் போகலாம். வீட்டில் பகல் முழுக்கச் சும்மா நிற்கும் நம் இரண்டாவது காரை அவரிடம் கொடுக்கலாம். அல்லது காரே வேண்டாம் என்று, நடந்து போகிற தூரத்துக்குள் அவர் வேலையை முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் இந்தப் பேச்சை கேஸ் (பெட்ரோல்) செலவிலிருந்தோ, நானியின் கார் பழசா புதுசா என்பதிலிருந்தோ தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். குழந்தைக்கென்று காரின் இருக்கை மேல் பொருத்தும் தனி இருக்கையான கார் சீட்டை ஒரு வாரத்தில் எத்தனை தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்? எந்த வழியில் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதோ, அந்த வழிக்குத்தான் என் ஓட்டு.

காரணம் இதுதான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கார் விபத்தில் உயிரிழக்கும் அபாயத்தைக் கார் சீட் 71 சதவீதம் குறைக்கிறது, ஒன்று முதல் நான்கு வயது வரை 54 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ தரும் கணக்கு. அதே துறை நடத்திய கள ஆய்வில், பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 46 சதவீத சீட்டுகள் ஏதோ ஒரு விதத்தில் தப்பாகப் பொருத்தப்பட்டிருந்தன. பெல்ட் தளர்வு, குழந்தையின் தோள் வார் தப்பான உயரத்தில், சாய்வு சரியில்லை என்று இப்படி. ஒரு தடவை பொறுமையாக மாட்டிய சீட் அப்படியே இருந்தால் கவலை குறைவு. தினமும் மதியம் அவசரத்தில் ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாறுகிற சீட், என்றாவது ஒரு நாள் அந்த 46-இல் போய்ச் சேரும்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இது கொஞ்சம் மிகையாகத் தோன்றும். “மூணு மைல்தானே, மடியில வெச்சுக்கிட்டா ஆகாதா?” என்று கேட்காத தாத்தா யார்? இந்தியாவிலும் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். நம்மூர்த் தெருக்களில் அதைப் பார்க்க முடியவில்லை என்பது வேறு கதை.

நானியின் கார்

முதலில் இதன் நல்ல பக்கம். தன் காரை அவர் நன்றாக அறிவார். பிரேக் எவ்வளவு மிதித்தால் நிற்கும், எந்தக் கண்ணாடியில் எது தெரியாது, பார்க்கிங்கில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். குழந்தையை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது இது சின்ன விஷயம் இல்லை. நமக்கும் இன்னொரு கார் வாங்கும் செலவு இல்லை.

ஆனால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. முதலாவது, காரின் வயது. 2002 செப்டம்பர் 1-க்குப் பிறகு தயாரான கார்களில் பின் சீட்டில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது கார் சீட்டை மாட்ட லாட்ச் என்கிற கீழ்க் கொக்கிகள் இருக்கும். அதற்கு முந்திய கார் என்றால் பெரும்பாலும் சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். பெல்ட்டால் கட்டுவது ஒன்றும் மட்டமில்லை. சரியாக இறுக்கினால் இரண்டும் ஒரே அளவு பாதுகாப்புதான். 1990-களின் நடுவுக்கு முந்திய கார் என்றால் மட்டும் பெல்ட் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இல்லாமல் போகலாம். அத்தனை பழைய காரில் குழந்தையை அனுப்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காரின் அடையாள எண்ணான விஐஎன்னை வாங்கி என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டால், சரிசெய்யாமல் விட்ட ரீகால், அதாவது குறைக்காகக் கம்பெனி காரைத் திரும்ப அழைத்தது, ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டகாட்டா கம்பெனியின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய ஹோண்டாக்கள், டொயோட்டாக்கள் பலவும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு மூன்று கை மாறி வந்த கார் என்றால், ரீகால் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். டீலரிடம் கொண்டுபோனால் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுப்பார்கள்.

இப்போது சீட். என் அழுத்தமான கருத்து: நானியின் காருக்கென்று தனியாக ஒரு சீட் வாங்கிப் பொருத்தி, அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அமெரிக்கக் கடையில் புதிதாக விற்கும் எந்த சீட்டும் எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்ற ஒரே அரசுத் தரத்தைத் தாண்டித்தான் வருகிறது. நானூறு டாலர் சீட்டுக்கும் வால்மார்ட்டில் நூறு டாலருக்குள் கிடைக்கும் காஸ்கோ சீனெரா நெக்ஸ்ட்டுக்கும் கட்டாயச் சோதனை ஒன்றுதான். கூடுதல் விலை மெத்தைத் துணிக்கும், எளிதாக இறுக்கும் வசதிக்கும், குழந்தை அதிக எடை வரை உட்காரும் வசதிக்கும் போகிறது. நம் காரில் கிராக்கோ எக்ஸ்டெண்ட்டூஃபிட் போன்ற பெரிய சீட் இருந்தால், நானி காரில் சின்னதாக, எடை குறைந்ததாக ஒன்று போதும். கைக்குழந்தைக்கான பக்கெட் சீட் என்றால் இன்னும் சுலபம். காரில் பொருத்தும் அடிப்பகுதியான பேஸ் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஒவ்வொரு காரிலும் ஒரு பேஸ், நடுவில் ஒரே சீட், ‘டக்’ என்று மாட்டினால் ஆயிற்று.

சில பிரீஸ்கூல்களில் காலையில் விட்டவர் கார் சீட்டை வாசல் ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போகலாம், மதியம் வருபவர் அதை எடுத்துத் தன் காரில் மாட்டிக்கொள்ளலாம். வசதி மாதிரிதான் தெரியும். ஆனால் நான் மேலே சொன்ன எண்ணிக்கை வாரத்துக்குப் பத்து ஆகிவிடும். இரண்டாவது சீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நண்பர் வீட்டில் பரணில் கிடக்கும் பழைய சீட்டை வாங்கி மாட்டுவது நம்மவர்கள் அதிகம் செய்யும் காரியம். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். தயாரித்த தேதியும் காலாவதியும் இருக்கும்; பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து ஆண்டுகள். விபத்தில் சிக்கியதா என்று நிச்சயமாகத் தெரியாத சீட்டைத் தொடாதீர்கள். பெங்களூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாற்றலாகி வரும்போது கூடவே கொண்டுவந்த சீட்டும் இங்கே செல்லாது. அமெரிக்கத் தரத்துக்கு உட்பட்டது என்ற லேபிள் அதில் இருக்காது.

பொருத்துவதைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். ஒரு பழைய கொரோலாவின் பின் சீட் நடு இடத்தில் ரியர் ஃபேசிங்காக, அதாவது குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்படி, ஒரு சீட்டை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு இடத்தில் பல கார்களில் லாட்ச் கொக்கி இருக்காது, எனவே பெல்ட். சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் கோடு தரைக்கு இணையாக வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சாய்வு போதவில்லை என்றால் பச்சிளம் குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குச் சிரமமாகும். பெல்ட்டை அதற்கென்று இருக்கும் வழியில் விட்டு பக்கிளில் மாட்டி, தோள் பகுதியைக் கடைசி வரை வெளியே இழுத்து, பிறகு மெதுவாக உள்ளே விட்டால் ‘கட கட கட’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பெல்ட் பூட்டு நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். பிறகு ஒரு கையால் சீட்டை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் மிச்சத் தளர்வை இழுத்தெடுக்க வேண்டும். நெற்றியில் வேர்க்கிற வேலைதான்.

முடிந்ததும், பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ஒரு இஞ்சுக்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டிவிட்டு ‘ஐயோ ஆடுதே’ என்று பதற வேண்டாம். அங்கே ஆடத்தான் செய்யும். பெல்ட், லாட்ச் இரண்டையும் சேர்த்து மாட்டினால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சீட் கம்பெனி அனுமதித்தால் தவிர, ஏதாவது ஒன்றுதான். முன்பார்த்து உட்காரும் வயது வந்ததும் சீட்டின் மேல் முதுகிலிருந்து வரும் டெதர் வாரைக் காரின் பின்பக்க வளையத்தில் மாட்ட மறக்கக் கூடாது. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இதையெல்லாம் நீங்களே கற்றுத் தேற வேண்டியதில்லை. சேஃப் கிட்ஸ் அமைப்பின் சான்றிதழ் பெற்ற கார் சீட் டெக்னீஷியன்கள் பல ஊர்களில் ஃபயர் ஸ்டேஷன், ஹைவே பேட்ரோல் அலுவலகம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இலவசமாகவோ சின்னக் கட்டணத்துக்கோ பார்த்துக் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா ஃபயர் ஸ்டேஷனிலும் இந்த வசதி கிடையாது. போகும்போது நானியை அவர் காரோடு கூட்டிப் போங்கள், அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். நீங்கள் போய்க் கற்றுக்கொண்டு வந்து அவருக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, அவர் கையால் இழுத்துப் பார்ப்பது நல்லது. தினமும் வாரை இறுக்கப்போவது அவர்தானே.

வார் விஷயத்தில் இரண்டு சோதனை போதும். தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தால் விரலில் மடிப்பு சிக்கக் கூடாது. மார்புக் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும், வயிற்றில் இல்லை. நியூஜெர்சி, சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றாவதும் ஒன்று உண்டு. பஞ்சு வைத்த குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டி, ஜாக்கெட்டை முன்பின் மாற்றி மேலே போர்த்த வேண்டும். ஜாக்கெட்டோடு இறுக்கிய வார், மோதும்போது ஜாக்கெட் அமுங்கிப் போய்த் தளர்ந்துவிடும்.

காகிதப் பக்கம்

இனி யாரும் பேச விரும்பாத இன்ஷூரன்ஸ். அமெரிக்காவில் பொதுவாக இன்ஷூரன்ஸ் காரைத் தொடர்ந்து போகும். நானி தன் காரில் போய் இடித்தால் முதலில் நிற்பது அவருடைய பாலிசி. அந்தப் பாலிசி எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியுமா? கலிஃபோர்னியாவில் சட்டப்படி வேண்டிய குறைந்தபட்சக் காப்பு 2025 ஜனவரி 1 முதல் ஒரு ஆளுக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதற்கு முன்பு பல்லாண்டுகளாக 15,000, 30,000, 5,000 என்றுதான் இருந்தது. உயர்த்திய தொகையே அமெரிக்க ஆஸ்பத்திரியில் சில நாள் தங்கினால் தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு? நானி நம்மிடம் சம்பளம் வாங்கும் ஊழியர். வேலை நேரத்தில், வேலைக்காக ஓட்டும்போது அவர் தவறால் யாருக்காவது அடிபட்டால், முதலாளி என்ற முறையில் வழக்கு நம் பக்கமும் திரும்பலாம். ‘அவங்க காரு, அவங்க ஓட்டினாங்க’ என்று ஒதுங்கிவிட முடியாது. நானியின் கார் என்றால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று நினைத்துத்தான் பலர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில், நம் காரில் போனால் நம் பெரிய பாலிசி முன்னால் நிற்கும். அவர் காரில் போனால் அவருடைய சின்ன பாலிசி முன்னால் நிற்கும், பின்னால் நாம் நிற்போம்.

ஆகவே அவரிடம், பாலிசியின் காப்புத் தொகைகளைப் பட்டியலிடும் டிக்ளரேஷன் பேஜைக் கேட்டு வாங்குங்கள். பர்ஸில் வைத்திருக்கும் சின்ன அட்டை போதாது. அதில் காப்புத் தொகை இருக்காது. கேட்கும் விதம் முக்கியம். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க, பாப்பாவை ஏத்திட்டுப் போறதால எங்க இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இதைக் கேக்கறார்” என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காப்பு 30,000/60,000 என்று இருந்தால், அதை 100,000/300,000 ஆக்க எவ்வளவு கூடும் என்று விசாரிக்கச் சொல்லி, அந்த வித்தியாசத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். வேலைக்காகக் குழந்தையை ஏற்றிப் போவதை அவர் தன் கம்பெனியிடம் சொல்லிவைப்பதும் அவசியம். பர்சனல் பாலிசிகளில் தொழில் உபயோகத்துக்கு விலக்கு எழுதியிருப்பது சகஜம். சில கம்பெனிகள் இதை ஒன்றும் சொல்லாது, சில கூடுதல் பிரீமியம் கேட்கும். நீங்களும் உங்கள் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: வீட்டு ஊழியர் அவருடைய சொந்தக் காரில் எங்கள் வேலையாகப் போகும்போது கார், வீட்டுப் பாலிசிகளுக்கு மேல் கூடுதல் காப்பாக இருக்கும் எங்கள் அம்ப்ரெல்லா பாலிசி நிற்குமா? பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் வரலாறும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் நானிகளுக்கான டிரஸ்ட்லைன் பதிவு குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும். நல்லதுதான், ஆனால் வேகத்துக்கு எத்தனை டிக்கெட் வாங்கினார் என்பதை அது சொல்லாது. அதற்கு ஓட்டுநர் உரிமம் வழங்கும் டிஎம்வி அலுவலகத்தில் எச்-6 என்ற பத்தாண்டு ஓட்டுநர் பதிவு உண்டு. அவரே விண்ணப்பித்து வாங்கித் தரலாம், கட்டணம் சில டாலர்தான்.

இன்னொன்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பெற்றோர் காரில் இல்லாதபோது கார் சீட் விதியை மீறினால் டிக்கெட் ஓட்டுநருக்குத்தான். இரண்டு வயது வரை ரியர் ஃபேசிங், 40 பவுண்டு எடையோ 40 இஞ்சு உயரமோ எட்டினால் மட்டும் விலக்கு. எட்டு வயது வரை, அல்லது 4 அடி 9 இஞ்சு உயரம் வரும் வரை, பின் சீட்டில் கார் சீட்டோ பூஸ்டரோ. முதல் தடவை அடிப்படை அபராதம் 100 டாலர், கூடுதல் கட்டணங்கள் சேர்ந்தால் பல மடங்கு.

மைலேஜ்

நானி தன் காரை நம் வேலைக்கு ஓட்டினால் மைலுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இது தயவு இல்லை. வேலைக்காக ஊழியர் செய்யும் அவசியச் செலவை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு என்றால், வருமான வரித் துறை ஐஆர்எஸ் ஆண்டுதோறும் அறிவிக்கும் விகிதத்தைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். 2024-இல் 67 சென்ட், 2025-இல் 70 சென்ட். கணக்கு எழுதி அந்த விகிதத்துக்குள் கொடுத்தால் அது சம்பளம் ஆகாது, வரியும் இல்லை. கேஸ், தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். பார்க்கிங்கும் பாலத்து டோலும் தனி.

பிரீஸ்கூல் மூன்று மைல் என்று வைப்போம். போக வர ஆறு, ஐந்து நாளுக்கு 30 மைல். நீச்சல் வகுப்பு, லைப்ரரி என்று இன்னொரு 15. வாரம் 45 மைல், 2025-இன் 70 சென்ட் வீதம் 31.50 டாலர். ஐம்பது வாரத்துக்கு 1,575 டாலர். தள்ளி இருக்கும் ட்ரேசி ஊரிலிருந்து நம் வீட்டுக்கு அவர் காலையில் வந்து சேரும் தூரம் இதில் சேராது. வேலைக்கு வந்து போவது யாருக்கும் சொந்தச் செலவு. இதை முதல் நாளே பேசிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு இல்லை.

நம் கார்

ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு டாலர் என்று பார்த்ததும், “நம்ம ஒடிசி மினிவேன் சும்மாதானே நிக்குது” என்று தோன்றும். தோன்றுவது சரி. வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஒருவர் இருந்து, பகலில் ஒரு கார் நகராமல் நிற்கிறது என்றால், என் முதல் தேர்வு இதுதான். சீட் ஏற்கனவே நன்றாகப் பொருத்தியிருக்கிறது, யாரும் கழற்றப் போவதில்லை. காரின் சர்வீஸ், டயர், ரீகால் எல்லாம் நம் கட்டுப்பாட்டில். இன்ஷூரன்ஸ் நம்முடையது.

ஆனால் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. எப்போதாவது ஒருநாள் அனுமதியோடு ஓட்டுபவரை நம் பாலிசி பெரும்பாலும் ஏற்கும். தினமும் ஓட்டுபவர் என்றால் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காமல் விட்டு, விபத்துக்குப் பிறகு “இவர் தினமும் ஓட்டுவாரா?” என்ற கேள்வி வந்தால் அங்கே தடுமாற நேரும். பெயர் சேர்த்தால் பிரீமியம் கூடும். எவ்வளவு என்பது அவருடைய வயதையும் டிக்கெட்டையும் பொறுத்தது. விபத்து நடந்தால் டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் கொடுக்கும் முன் நாம் கட்டும் பங்கு) உயர்ந்த பிரீமியமும் நம் தலையில்தான். சாதாரணக் கவனக்குறைவால் ஆன சேதத்தை நானியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள கலிஃபோர்னியாவில் முடியாது.

அப்புறம், பழக்கம். பத்து வருடமாகக் கொரோலா ஓட்டியவர் கையில் டெஸ்லா மாடல் ஒய் மின்சாரக் காரைக் கொடுத்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானே வேகம் குறைவது முதல் சில நாள் அவரைத் திடுக்கிட வைக்கும். கதவு திறப்பதே புதிர். மினிவேனின் நீளம் வேறு. குழந்தை இல்லாமல், சம்பளத்தோடு, இரண்டு மூன்று நாள் பிரீஸ்கூல் வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். யார் காராக இருந்தாலும் இதைச் செய்யலாம். அவர் ரிவர்ஸ் எடுக்கும் விதத்திலும், மஞ்சள் விளக்கில் என்ன செய்கிறார் என்பதிலும் எச்-6 பதிவில் இல்லாதது தெரியும்.

நானிக்கென்றே ஒரு பழைய கார் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குழந்தை ஒன்று, தூரம் மூன்று மைல் என்றால் கணக்கு ஒத்து வராது. இரண்டு குழந்தை, இரண்டு பள்ளி, மாலை வகுப்புகள் என்று வாரம் இருநூறு மைலைத் தொட்டால் மைலேஜே ஆண்டுக்கு ஏழாயிரம் டாலர் ஆகிவிடும். அப்போது யோசிக்கலாம்.

நானி ஷேர்

இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு நானியை வைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும், கார் விஷயத்தைக் குழப்பும். ஒரு குடும்பத்தின் காரில் மற்றக் குடும்பத்தின் குழந்தை போகும். அடிபட்டால் நட்பு முதலில் உடையும். நானியின் காரில் என்றால் இரண்டு வீட்டுக்கும் அவர் ஊழியர், மைலேஜை எப்படிப் பிரிப்பது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாவதாக ஒரு குழந்தை சேர்ந்தால் சின்னக் கார்களில் மூன்று சீட் வரிசையாக உட்காருவது கஷ்டம். உட்கார்ந்தாலும் நடுவில் இருப்பது ஒழுங்காக இறுகாமல் போகலாம். ஷேர் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, முடிந்தவரை மூன்றாவது வழி.

கார் இல்லாமல்

மூன்றாவது வழி அவ்வளவு மோசம் இல்லை. அரை மைலில் பூங்காவும் லைப்ரரியும் இருந்தால் ஸ்ட்ரோலர் போதும். பிரீஸ்கூல் தேடும்போதே நடக்கும் தூரத்தில் தேடுவது, அல்லது முழு நாள் வகுப்பு எடுத்து மாலையில் நாமே கூட்டி வருவது என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். முழு நாள் கட்டணம் கூடும். ஆனால் நானியின் நேரம் குறையும், மைலேஜ் இல்லை, இன்ஷூரன்ஸ் பேச்சே இல்லை. நானியின் ஓட்டுதலில் உங்களுக்கு லேசான சந்தேகம் இருந்தாலும் இந்த வழிக்கு வந்துவிடுங்கள். குழந்தையோடு அருமையாகப் பழகுபவர் நன்றாக ஓட்டுபவராகவும் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஊபர், லிஃப்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் கார் சீட் இருக்காது, நாம் கொண்டுபோனால் ஒவ்வொரு சவாரிக்கும் மாட்டல், கழற்றல்.

எழுதி வைக்க வேண்டியவை

நானியின் காரோ நம் காரோ, ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கெல்லாம் போகலாம், ஃப்ரீவே சரியா, வழியில் தன் சொந்த வேலைக்கு நிறுத்தலாமா, வேறு யாரையாவது ஏற்றலாமா, போனைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதில் வரட்டும். ‘ஒரு நிமிஷம் கடைக்குள்ள போயிட்டு வந்துடறேன்’ என்று குழந்தையைக் காரில் விடக் கூடாது என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும். ஆறு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தையை ஆபத்தான நிலையில் தனியே காரில் விடுவது கலிஃபோர்னியாவில் சட்டப்படி குற்றமும்கூட. தூங்கிவிட்ட குழந்தையை மறந்தே போவதும் நடக்கிறது. இடது கால் ஷூவையோ கைப்பையையோ பின் சீட்டில் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

விபத்து நடந்தால் முதலில் 911, அடுத்து நமக்கு. நாம் வந்து சேரும் முன் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் காரின் கிளவ் பாக்ஸில் வையுங்கள். டாக்டர் பெயர், அலர்ஜி, இன்ஷூரன்ஸ் எண் அதில் இருக்கட்டும். விபத்துக்குப் பிறகு சீட்டை மாற்ற வேண்டுமா என்பதற்கு என்எச்டிஎஸ்ஏ ஐந்து நிபந்தனை வைத்திருக்கிறது: கார் தானாக ஓடும் நிலையில் இருக்க வேண்டும், சீட்டுக்குப் பக்கத்துக் கதவு சேதமாகக் கூடாது, யாருக்கும் அடிபடக் கூடாது, ஏர்பேக் விரியக் கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கூடாது. ஐந்தும் பொருந்தினால் சின்ன விபத்து, சீட்டை வைத்துக்கொள்ளலாம். ஒன்று தவறினாலும் புதியது. சீட் கம்பெனி இன்னும் கடுமையாகச் சொன்னால் அதைக் கேளுங்கள். அந்தச் செலவு இன்ஷூரன்ஸில் கிடைக்க வாய்ப்புண்டு, ரசீதை வைத்திருங்கள்.

நானி வேலையை விட்டுப் போகும்போது அவர் காரிலிருக்கும் சீட்டை எடுத்துக்கொள்வதா, அவருக்கே விடுவதா என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். விட்டால், கையேட்டையும் கொடுத்து, சீட் கம்பெனியில் பதிவை அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ரீகால் வந்தால் கடிதம் அவருக்குப் போய்ச் சேரட்டும்.